இன்னும் ஒரு வாரம்

சர்க்கரை டப்பாவைக் காணோம் என்று நாச்சியம்மாள் சமையலறையில் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்துகொண்டிருந்தாள். கூடத்தில் அவள் மகன் சிவசாமி, அப்பாவிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்வதற்காக உட்கார்ந்திருந்தான். வேலையை விட்டுவிட்டேன், இனி அமெரிக்காவுக்குத் திரும்பப் போவதில்லை. விமானத்தில் பலமுறை சொல்லிப் பார்த்த வாக்கியம்தான். கோயமுத்தூர் வந்து இறங்கியதிலிருந்து வாயில் வரவில்லை.

"உன்ற சமையல்கட்டுல இருக்கறது உனக்கே தெரியலையா?" என்றபடி அப்பா பாலுசாமி உள்ளே போய் விளக்குக்கான சுவிட்சைத் தட்டினார். விளக்கு எரியவில்லை. மொட்டைமாடியில் மோட்டார் ஓடத் தொடங்கியது.

"பெரிய ஊடு கண்ணு, எதை எங்க வெச்சோம்னே தெரியறதில்ல" என்று அம்மா சர்க்கரை இல்லாத காபியைக் கொண்டுவந்து வைத்தாள்.

நூற்பாலை இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலைக்காகத் தென் கரோலினாவுக்குப் போனவன் அவன். முதல் வருடம், அங்கே யாரும் ஹாரன் அடிக்காதது பிடித்திருந்தது. நான்காம் வருடம் அதே அமைதி காது அடைத்துக்கொண்டது போல் இருந்தது. பிறகு சாயிபாபா காலனியில் இந்த வீட்டைக் கட்டி, கோபிசெட்டிபாளையத்திலிருந்து அப்பா அம்மாவைக் கூட்டிவந்து வைத்தான். அவர்கள் சௌகரியமாக இருக்கிறார்கள் என்ற நினைப்பில் இன்னும் சில வருடங்களை அங்கே ஓட்ட முடிந்தது.

மெதுவாக ஆரம்பித்தான்.

"அங்க பக்கத்து ஊட்ல ஒரு பெரியவர் இருந்தாருங்கப்பா. தெனமும் என்னையப் பார்த்துக் கையாட்டுவாரு. நானும் ஆட்டுவேன். போன ஐப்பசில அவரு ஊட்டு முன்னால விக்கறதுக்குப் பலகை நட்டு வெச்சிருந்தாங்க. விசாரிச்சா, அவரு செத்து ஒரு மாசம் ஆச்சுங்களாம். அப்பறந்தான் நெனச்சுப் பார்த்தேன், அவரு பேரே எனக்குத் தெரியாது."

"தெனமும் கையாட்டினாரா? நல்ல மனுசன்" என்றாள் அம்மா. "இங்க எதுத்த ஊட்டுக்காரி என்னையப் பார்த்தா யாரோன்னு போறா."

"அந்த ஊட்டை நீயே வாங்கிப் போட்டிருக்கலாமல்ல" என்றார் அப்பா.

அதற்கு மேல் எப்படிப் போவது என்று தெரியாமல், "திரும்பிப் போறதை ஒரு வாரம் தள்ளிப் போட்டுட்டேனுங்க" என்றான்.

அப்பாவின் டம்ளர் பாதியில் நின்றது. "வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாதுங்க."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் புறப்பட்டார்.

"ஊட்லயே ஃபோன் இருக்குதேங்க?"

"அதுல கொர்ருங்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் வாசலில் மலையாளப் பத்திரிகை கிடந்தது.

"பேப்பர்க்காரன் மாத்திப் போட்டுட்டானுங்களா?"

"இல்ல, நமக்குத்தான்" என்று அப்பா அதை வாங்கி விரித்தார். "மலையாளம் படிச்சுப் பழகறேன். பொழுது போகோணுமல்ல."

சிவசாமிக்கு அவர் மேல் மரியாதை கூடியது. இவரிடம் வெறும் கையோடு போய்ச் சொல்லக் கூடாது, வீட்டுக்கு ஏதாவது செய்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தான். சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் வரிசையாக இருந்தன. பெயிண்டும் பிரஷ்ஷும் வாங்கி வந்தான்.

"அதுல மட்டும் கை வெக்காத சாமி" என்று அப்பா ஓடி வந்தார்.

"என்ன கோடுங்க இது?"

"மழைத்தண்ணி அளவு."

"ஊட்டுக்குள்ளயா?"

மேலே இருந்த கோடு சிவசாமியின் மார்பு உயரத்தில் இருந்தது. அப்பா அதைச் சற்று நேரம் பார்த்தார்.

"அந்த வருசம் மழை சாஸ்தி" என்றார்.

பெயிண்ட் டப்பாவை மூடி வைத்துவிட்டு, சிவசாமி பயணத்தை இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போட்டான். அப்பா மறுபடியும் பூத்துக்குப் போய், வாடிய முகத்தோடு திரும்பி வந்தார். மகன் வேலை போய்விடுமோ என்ற கவலை என்று சிவசாமி நினைத்தான். இவ்வளவு கவலைப்படுகிறவரிடம் வேலையை விட்டதைப் பற்றி எப்படிச் சொல்வது? அடுத்த வாரமும் தள்ளிப் போட்டான். அம்மா குலதெய்வத்துக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தாள்.

ஜூன் பிறந்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து மனைவி கவிதா ஃபோன் செய்தாள்.

"மாமாகிட்டச் சொல்லீட்டீங்களா?"

"சொல்லோணும்."

"நான் கட்டிலை வித்துப்போட்டேனுங்க. புள்ளையும் நானும் தரையில படுத்திருக்கறோம்."

ஃபோனை வைத்துவிட்டு நேராகக் கூடத்துக்கு வந்தான். அப்பா ஊஞ்சலில் இருந்தார். அம்மா கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நான் வேலையை விட்டுட்டுத்தான் வந்தேனுங்க. இனி அங்க போறதில்ல. கவிதாவும் புள்ளையும் இந்த மாசம் வந்துருவாங்க."

அப்பா திட்டவில்லை. அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அங்க அத்தனை செரமமா கண்ணு?"

"செரமம்னு எதையும் சொல்ல முடியாதுங்கம்மா. எல்லாமே ஒழுங்காத்தான் நடக்குது. ஆனா, நான் இல்லீன்னாலும் எதுவும் கொறையாத ஊருங்க அது. நீங்க ரெண்டு பேரும் இந்த ஊட்ல சௌகரியமா இருக்கறீங்க, அது போதும்னுதான் இத்தனை வருசம் இருந்தேன். இனி நானும் உங்களோடயே இங்க இருந்துக்கறேன்."

"இங்கயேவா?" என்றார் அப்பா.

"இங்கயேதானுங்க."

அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா எதையோ சொல்ல வாயெடுத்தார். அப்போது வாசலில் மணி அடித்தது.

"நான் பார்க்கறேன்" என்று அவர் அவசரமாக எழுந்தார். அதற்குள் சிவசாமி கதவைத் திறந்துவிட்டான்.

சீருடை போட்ட இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண் நின்றிருந்தாள். மூத்த பிள்ளை சிவசாமியின் மார்பு உயரம் இருந்தது. பின்னால் ஆட்டோவில் பாயும் தலையணைகளும் இருந்தன. அவள் சிவசாமியைத் தெரிந்தவனைப் போலப் பார்த்துச் சங்கடத்தோடு சிரித்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க, பள்ளிக்கூடம் தொறந்தாச்சு, நீங்க வாரம் வாரம் தள்ளிப் போட்டா நாங்களும் எத்தனை நாளைக்குத்தான் பாலக்காட்டுல அக்கா ஊட்ல இருக்கறது? நீங்க கிளம்பினாத்தானுங்க வாடகைக்கு இருக்கற நாங்க உள்ள வரலாம். பெரியவங்களும், பாவம், கோபியில அவங்க ஊட்டுக்குத் திரும்பிப் போகலாம்."