யார்டுக்கு நாலு சென்டிமீட்டர்

ஒன்று, சுரங்கம் உயரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் யார்டு குள்ளமாக இருக்க வேண்டும். டெய்லர் யோசிக்காமல் முதல் முடிவுக்கு வந்தார். யார்டு அவர் செய்தது. சுரங்கம் பல் டாக்டர் செய்தது; மாதிரி ரயிலை ஓட்டிப் பார்க்க அவரிடம் இரவல் வாங்கி வந்தது.

“டாக்டர் அடுத்தவங்க வாய்க்குள்ள குனிஞ்சு பார்த்தே பழகினவர். நிமிர்ந்து நின்னு ஒரு மேசை பண்ணச் சொன்னா இப்படித்தான் உசந்து போகும்” என்றார்.

அவர் மனைவி சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “ரயில் போகுமா போகாதா, அதைப் பாருங்க.”

டெய்லர் இன்ஜினைச் சுரங்கத்துக்குள் வைத்து ஓட விட்டார். அது ஜோராக வெளியே வந்தது, தண்டவாளம் முடிந்த இடத்தில் தலைகுப்புற யார்டுக்குள் விழுந்து, சக்கரத்தை மேலே காட்டிச் சுழன்றது.

“போகுது. ஆனா விழுந்து போகுது” என்றாள் மனைவி.

மாதிரி ரயில் சங்கத்தில் மொத்தம் பதின்மூன்று பேர். ஆளுக்கொரு மேசையை வீட்டிலேயே செய்வார்கள். ஒருவர் மலை, ஒருவர் பாலம், ஒருவர் ஸ்டேஷன். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா மேசைகளையும் ஒரு மண்டபத்தில் வட்டமாகக் கோர்த்து, அதன்மேல் ரயில் விடுவார்கள். யார் வீட்டில் செய்ததும் யார் மேசையோடும் சேர வேண்டும் என்பதால் சங்கத்துக்கு ஒரே ஒரு கறாரான விதி உண்டு. தரையிலிருந்து தண்டவாளம் வரை சரியாக நூறு சென்டிமீட்டர்.

டெய்லர் சங்கத்துக்குள் வந்தது ரயில் ஓட்டுவதற்காக அல்ல. மேசைக் கால்களை மறைக்கச் சுற்றிலும் கறுப்புத் துணி தொங்க விடுவார்கள். அதைத் தைக்க ஆள் தேவைப்பட்டது. மூன்று வருடமாகத் தைத்தார். மற்றவர்கள் தடம் மாற்றும் பாயிண்ட், சிக்னல், வேகம் என்று பேசும்போது அவர் ஓரமாக நின்று மடிப்பைச் சரி செய்வார். “பாவாடை மெம்பர்” என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அது முதுகுக்கு நன்றாகவே கேட்டது.

இந்த வருடம்தான் செயலாளர் அவரிடம் யார்டைக் கொடுத்தார். வட்டத்திலேயே பெரிய மேசை. நேரே போகும் தண்டவாளத்திலிருந்து எட்டுக் கிளைகள் பிரிந்து, பெட்டிகளை நிறுத்தவும் கழற்றவும் கோர்க்கவுமான இடம். டெய்லர் நாலு மாதம் உயிரைக் கொடுத்து உழைத்தார். சலித்த மணலைத் தண்டவாளத்துக்கு நடுவே ஒட்டினார். குண்டூசியில் விளக்குக் கம்பம் நட்டார். எட்டுக் கிளைத் தண்டவாளங்களின் முடிவிலும் ஒவ்வொரு கோட்டுப் பட்டனை முட்டுக்கட்டையாக வைத்தார். இந்த ஞாயிறு யார்டு சேர்ந்துவிட்டால் அவர் மெம்பர். சேராவிட்டால் ஆயுசு முழுக்கப் பாவாடை. அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

“தரை சரிவா இருக்கும்” என்று சொல்லி டெய்லர் சுரங்கத்தையும் யார்டையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். இன்ஜின் அந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது.

மனைவி ஊசியைக் குத்திவிட்டு எழுந்தாள். அவர் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து, அதன் முனையை அவர் கண்ணுக்கு நேரே காட்டினாள்.

“இதுல முதல் நம்பர் என்ன?”

“ஒண்ணு.”

“கண்ணைத் திறந்து பார்த்துச் சொல்லுங்க.”

டெய்லர் பார்த்தார். டேப் நாலில் ஆரம்பித்தது.

“இஸ்திரிப் பெட்டில பட்டு நுனி தீஞ்சு போச்சு. நான்தான் வெட்டி விட்டேன். அஞ்சு வருஷமாச்சு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

டெய்லருக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஐந்து வருடமாக அவர் தொழிலில் ஒரு குறையும் வந்ததில்லை. ஏன் வரும்? ஆளை அளந்ததும் அதே டேப், துணியை வெட்டியதும் அதே டேப். அங்கே போன நாலு இங்கே வந்துவிடும். கறுப்புத் துணிகூட மேசையை நேரில் அளந்து தைத்ததால் கச்சிதமாக நின்றது. அளவை எழுதி அனுப்பியவர்களுக்கு மட்டும் உடுப்பு இறுக்கும். அவர்களோடெல்லாம் அவர், “உங்களுக்கு அளக்கத் தெரியலை” என்று சண்டை பிடித்திருந்தார். இப்போது முதல்முறையாக சங்கம் நூறு என்று ஒரு எண்ணைக் கையில் கொடுக்க, அவர் கால்களைத் தொண்ணூற்றாறில் அறுத்திருந்தார்.

“சங்கத்துல சொல்லிடுங்களேன். நாலு சென்டிமீட்டர்தானே” என்றாள் மனைவி.

“டெய்லருக்கு அளக்கத் தெரியலைன்னு நானே போய்ச் சொல்லணுமா? அதுக்கு மேல இந்தக் கடையில எதுக்கு உட்காரணும்?”

முதல் வைத்தியம் நூல் சுற்றிய உருளைக் கட்டைகள். உயரம் பொருந்தியது. நாலு காலுக்கும் கீழே ஒவ்வொன்றைப் படுக்க வைத்தார். அவர் கையை எடுத்ததும் யார்டு கடை நெடுக உருண்டு போய், இஸ்திரி மேசையில் மோதி நின்றது. விளக்குக் கம்பங்களில் பாதி சாய்ந்தன. மூன்று பட்டன்கள் காணாமல் போயின.

அவர் தரையில் தவழ்ந்து பட்டன் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் செயலாளர் உள்ளே வந்தார். செயலாளர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தில் அவருக்கு ‘மில்லிமீட்டர்’ என்று பெயர். டெய்லர் துள்ளி எழுந்தார். சுரங்கத்தை ஒரே தள்ளாகத் திரைக்குப் பின்னால் தள்ளினார். கையில் கிடைத்த கோட்டுத் துணியை விரித்து யார்டின் கால்களை மூடினார்.

“கால் எதுக்கு மூடறீங்க டெய்லரே?”

“தூசி படும் சார்.”

“காலுக்கா?”

“வார்னிஷ் ஈரமா இருக்கு.”

செயலாளர் யார்டைச் சுற்றி ஒரு நடை வந்தார். பலகை விளிம்பில் கையை வைத்தார். அதே கையைத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தார். அப்புறம் குண்டூசி விளக்குகளையும் கோட்டுப் பட்டன்களையும் ரொம்ப நேரம் பார்த்தார்.

“நல்லா இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

“கவனிக்கலை!” என்றார் டெய்லர், வாயெல்லாம் பல்லாக. “வயசாயிடுச்சு பாவம். கண்ணு போச்சு.”

அடுத்த நாள் மரக்கடைக்குப் போனார். இந்தமுறை புத்தம்புது இரும்பு டேப். அதில் நாலு அளந்தார். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. நம் டேப்பில்தான் நாலு குறையுமே என்று அதற்காக ஒரு நாலைக் கூட்டினார். இது நம் டேப் இல்லை என்பது பசையைத் தடவி, கட்டைகளைக் கால்களில் ஒட்டி, காய்ந்த பிறகுதான் உறைத்தது. இப்போது யார்டு சுரங்கத்தைவிட நாலு சென்டிமீட்டர் உயரம். இன்ஜின் விழவில்லை. யார்டின் பலகையில் மூக்கால் முட்டிக்கொண்டு நின்றது.

“முன்னே குதிச்சுது. இப்போ முட்டுது” என்றாள் மனைவி. “முன்னேற்றம்தான்.”

கட்டையைப் பிடுங்கப் பார்த்தார். பசைக்காரன் விளம்பரத்தில் சொன்னது அத்தனையும் உண்மையாக இருந்தது. கட்டை வரவில்லை, கால்தான் ஆடியது. சரி, அறுத்துவிடலாம் என்று ரம்பத்தை எடுத்தார். முதல் காலில் கோணிக்கொண்டு போனது. அதற்குச் சமமாக இரண்டாவது காலைக் கோணலாக அறுத்தார். மூன்றாவதை அவற்றுக்குச் சமாதானமாக அறுத்தார். யார்டு கிட்டத்தட்ட மண்டி போட்டது. அதன்மேல் நின்ற பெட்டிகள் எல்லாம் தாமாகவே ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்தன.

கோபத்தில் பழைய டேப்பைக் குப்பைக் கூடையில் வீசினார். “இனிமே இந்தக் கடையில இரும்பு டேப்தான்!”

அந்த வைராக்கியத்தோடு பேக்கரிக்காரரின் பேன்ட்டை வெட்டினார். அளவுப் புத்தகத்தில் இருந்த எண், இரும்பு டேப்பில் இருந்த எண், இரண்டும் அச்சாகப் பொருந்தின. வெள்ளிக்கிழமை பேக்கரிக்காரர் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். இடுப்பை ஒரு கையாலும் கால் நுனியை இன்னொரு கையாலும் பிடித்திருந்தார்.

“நான் இளைச்சுட்டேனா?” என்று அவர் ஆசையோடு கேட்டார்.

“ஆமாங்க. நல்லாவே” என்றார் டெய்லர்.

“குள்ளமாவும் ஆயிட்டேனா?”

மனைவி போய்க் குப்பைக் கூடையைக் கிளறி, பழைய டேப்பை எடுத்துத் தட்டி, அவர் கழுத்தில் மாட்டினாள். “புத்தகத்துல இருக்கறவங்க எல்லாரும் இந்த டேப்புலதான் இருக்காங்க. இதைத் தூக்கிப் போட்டா ஊரே தொளதொளன்னு அலையும்.”

அன்று மாலை பல் டாக்டர் வந்து சுரங்கத்தை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது டெய்லரின் தோளைத் தட்டினார். பல் பிடுங்குவதற்கு முன்னால் நோயாளியைத் தட்டுகிற மாதிரி அது இருந்தது. டெய்லருக்குக் காரணம் புரியவில்லை.

சனிக்கிழமை கடைக்குப் பூட்டு. மற்ற பன்னிரண்டு பேரும் மண்டபத்தில் மேசைகளை அடுக்கிக்கொண்டிருக்க, அவர் மட்டும், “பசை காயணும் சார், காலையில கொண்டாந்துடறேன்” என்று செயலாளருக்குப் போன் பண்ணிவிட்டார். செயலாளர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்லை” என்றார். மில்லிமீட்டர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே கிடையாது.

“பார்த்தியா, எப்படா தப்பு பண்ணுவேன்னு பன்னிரண்டு பேரும் காத்துக்கிட்டிருக்காங்க” என்றார் டெய்லர்.

மனைவி பழைய கால்களை மொத்தமாகக் கழற்றிப் போட்டாள். புதுக் கால்கள், இரும்பு டேப், மூலைமட்டம். அவள் பிடிக்க, அவர் அறுத்தார். ஒவ்வொரு காலையும் மூன்று தடவை அளந்தார்கள். கடைசியில் யார்டு நிமிர்ந்து நின்றது. தரையிலிருந்து தண்டவாளம் வரை நூறு. ஒரு மயிரிழை கூடவோ குறையவோ இல்லை. 

“நாளைக்கு யாராவது பாவாடைன்னு சொல்லட்டும், பார்க்கறேன்” என்றார் டெய்லர்.

ஞாயிறு காலை வாடகை வேனில் யார்டை ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். மனைவி வீட்டு வேலையை முடித்துவிட்டுப் பின்னால் வருவதாகச் சொல்லிவிட்டாள். மண்டபத்தில் பெருக்கிக்கொண்டிருந்த வாட்ச்மேனைத் தவிர ஒருவரும் இல்லை.

“எல்லாரும் எங்கே?”

“இப்பத்தான் சார் கிளம்பினாங்க. அதாவது, நேத்து என்ன ஆச்சுன்னா…”

“அப்புறம் சொல்லுங்க. ஒரு கை பிடிங்க.”

பன்னிரண்டு மேசைகள் வட்டமாக நின்றன. யார்டுக்கு மட்டும் நடுவில் இடைவெளி. வாட்ச்மேனும் வேன் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, யார்டு அதற்குள் போய் அமர்ந்தது. டெய்லர் குனிந்து பார்த்தார். 

யார்டு இரண்டு பக்கமும் நாலு சென்டிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றது.

இரும்பு டேப் கடையிலேயே கிடந்தது. கழுத்தில் இருந்தது பழசுதான். அதை எடுத்துப் பக்கத்து மேசையை அளந்தார். நூறு. அடுத்தது பாலம். நூறு. ஸ்டேஷன், நூறு. பல் டாக்டரின் சுரங்கம்கூட நூறு! பன்னிரண்டு மேசைகளும் ஒரே குரலில் நூறு என்றன. அவருடைய யார்டு மட்டும் நூற்றி நாலு.

டெய்லர் மெல்ல நிமிர்ந்தார். ஐந்து நாள் அவமானம் அப்படியே முகத்தை விட்டு இறங்கியது.

“என் டேப் சரிதான்யா!” என்று கத்தினார். “கடைத் தரைதான் சரிவு! அந்த இரும்பு டேப் போலி! வீட்டுக்காரி பேச்சைக் கேட்டு, சரியா இருந்த யார்டை நானே கெடுத்து வச்சிருக்கேன்!”

“சார், அது என்னன்னா…” என்று வாட்ச்மேன் ஆரம்பித்தார்.

“உங்ககிட்ட ரம்பம் இருக்கா?”

“இருக்கு சார். நேத்து அவங்க விட்டுட்டுப் போனது. ஆனா…”

“ஆனாவும் வேண்டாம், ஆவன்னாவும் வேண்டாம். ரம்பத்தைக் குடுங்க.”

தன் டேப் சரி என்று தெரிந்த மனிதனின் கைக்கு ஒரு தனி பலம் வந்துவிடுகிறது. பழைய டேப்பில் அளந்து கோடு போட்டார். நாலு கால்களையும் நேராக, கோணாமல், பிசிறில்லாமல் அறுத்தார். நாலு துண்டுகள் தரையில் உருண்டன. யார்டு இறங்கி, இரண்டு பக்கத் தண்டவாளத்தோடும் வழவழவென்று சேர்ந்தது.

இன்ஜினை எடுத்து வைத்தார். அது சுரங்கத்திலிருந்து வந்தது, விழவில்லை, முட்டவில்லை, குண்டூசி விளக்குகளுக்கு நடுவே எட்டாவது தண்டவாளம் வரை போய்க் கோட்டுப் பட்டனைத் தொட்டு நின்றது. டெய்லர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலு மாத உழைப்பு, மூன்று வருடத் துணி எல்லாவற்றுக்கும் அந்த ஒரு நிமிஷம் போதும் என்று இருந்தது. இனி அவரும் மெம்பர்தான்.

“இப்ப சொல்லுங்க. என்னவோ சொல்ல வந்தீங்களே?” என்று தாராளமாகக் கேட்டார்.

வாட்ச்மேன் தரையில் கிடந்த நாலு துண்டுகளையும் பார்த்தார், டெய்லரையும் பார்த்தார்.

“உங்க மனசு நோகக் கூடாதுன்னு நேத்து செயலாளர் சொல்லி, பன்னிரண்டு பேரும் அவங்கவங்க மேசைக் காலை நாலு சென்டிமீட்டர் அறுத்தாங்க சார்; இன்னைக்குக் காலையில உங்க வீட்டம்மா அவருக்குப் போன் பண்ணி நீங்க சரி பண்ணிட்டீங்கன்னு பெருமையாச் சொன்னாங்களாம், அதான் எல்லாருமாச் சேர்ந்து அறுத்த காலுக்கெல்லாம் ஒட்டறதுக்குக் கட்டை வாங்கப் போயிருக்காங்க.”