தெளிநீர்க் கோப்பையில் தோற்றவள்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. அந்தக் குளத்தில் தண்ணீர் குடிக்க ஒரு வரிசையும் இருந்தது. முதலில் யானை, அப்புறம் காட்டெருமை, அப்புறம் கடமான், அப்புறம் கரடி என்று உடம்பின் சுற்றளவைப் பார்த்துப் போட்ட வரிசை. அது எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. ஆனால் மீறிப் பார்த்தவர்கள் மிதிபட்டிருக்கிறார்கள்.

வரிசையின் வால் பக்கத்தில் நின்றவள் செவ்வந்தி. சருகுமான். பெயரில்தான் மான் இருக்கிறதே தவிர, உயரத்தில் அவளுக்கும் முயலுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அவளுக்குப் பின்னால் நின்றவர் அழுங்கு அழகப்பன். உடம்பெல்லாம் செதில், மனசெல்லாம் பயம். பக்கத்தில் யாராவது தும்மினாலே பந்தாகச் சுருண்டுகொள்வார். சமாதானம் சொல்லி விரிய வைப்பதற்குள் வரிசை நகர்ந்துவிடும். இவர்கள் முறை வரும்போது குளத்தில் இருப்பதைத் தண்ணீர் என்று சொல்ல மனசு வராது.

அதற்குக் காரணம் யானை அல்ல. கரடிக்கு அடுத்தபடியாக நின்ற காட்டுப்பன்றி வராகமூர்த்தி. தன் முறை வந்ததும் அவர் முதலில் ஊற்றுக்கண் பக்கம் போய், மூங்கில் குழாய்களில் தெளிந்த தண்ணீராகப் பார்த்துப் பிடித்துக்கொள்வார். பிடித்து முடித்ததும் குளத்தில் இறங்கி, மூலைக்கு மூலை புரண்டு, ஒரு இடம் பாக்கி இல்லாமல் கலக்கிவிட்டுக் கரையேறுவார். பிறகு கரையிலேயே கடை விரிப்பார். ‘வராகா தெளிநீர்: இயற்கையின் பரிசு’ என்று பலகை தொங்கும். ஒரு குழாய் தண்ணீருக்கு ஒரு கூடை கிழங்கு. பெரிய பிராணிகளுக்கு இதில் கவலை ஒன்றும் இல்லை. அவை குடித்துவிட்டுப் போயிருக்கும்.

செவ்வந்தியின் குளம்புகள் விரல்நுனி அளவுதான். நாள் முழுக்கத் தோண்டினாலும் ஒரு கூடை கிழங்கு சேராது. அதனால் அவளும் அவள் மகள் மொட்டுவும் சேற்றைத்தான் குடித்தார்கள். அந்தக் கோடையில் மொட்டுவுக்கு வயிற்றுக்கடுப்பு வந்து, எழுந்து நிற்கவே முடியாமல் போனது. செவ்வந்தி நேராக வராகமூர்த்தியிடம் போனாள்.

“ஐயா, குடிச்சு முடிச்சதும் கொஞ்சம் புரளாம போகக் கூடாதா? பின்னாடி நிக்கறவங்களும் குடிக்கணும்.”

வராகமூர்த்தி கோபப்படவில்லை. வியாபாரத்தில் இருப்பவர் அல்லவா. “குளம் எல்லாருக்கும் பொதுதானேம்மா. நீயும் இறங்கிப் புரளு. யாரு வேண்டாம்னா?” என்றார் அன்பாக.

காட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை புதரோட்டம் நடக்கும். குன்றடியில் தொடங்கிக் குளக்கரையில் முடியும். எந்த வழியாக வேண்டுமானாலும் ஓடலாம். ஜெயித்த பிராணி தன் குடும்பத்தோடு அந்த வருஷம் முழுக்க வரிசையின் தலையில் நின்று முதல் தண்ணீர் குடிக்கலாம். யானையே ஒதுங்கி வழிவிடும். இந்த வருஷம் போட்டியை நடத்தித் தருவதாக வராகமூர்த்தி முன்வந்ததால் அதற்கு ‘வராகா தெளிநீர்க் கோப்பை’ என்று பெயர் மாறியிருந்தது. செவ்வந்தி பெயரைக் கொடுத்தாள்.

“உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?” என்றார் அழகப்பன். “கடமான் ஓடுது, நரி ஓடுது. பன்றியோட மருமகன் வேற ஓடுறானாம். மிதிச்சிடுவாங்க.”

“மிதிக்கணும்னா முதல்ல என்னைப் பிடிக்கணுமில்ல அண்ணே.”

ஓட்டத்தன்று மற்றவர்கள் எல்லாரும் முள்காட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள். செவ்வந்தி முள்ளுக்கு அடியில் புகுந்தாள். அவள் உயரத்துக்கு அங்கே ஒரு தெருவே இருந்தது. முதுகில் கீறல், காதில் கீறல். நிற்கவில்லை. மறுபக்கம் வெளியே வந்தபோது முன்னால் யாரும் இல்லை. குளக்கரைக் கயிற்றை நெஞ்சால் அறுத்துக்கொண்டு போய் மண்ணில் விழுந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று புரிந்ததும் அவளுக்கு முதலில் தோன்றியது மொட்டுவின் முகம்தான். கைத்தட்டல் கேட்கிறதா என்று காதைத் தூக்கினாள். ஒரு சத்தமும் இல்லை.

என்ன நடந்தது என்றால், மயில் டிவியின் மயூரநாதன், பார்வையாளர்களின் வசதிக்காக எல்லைக்கோட்டுக்கு முன்னால் ஒரு பெரிய திரையைக் கட்டியிருந்தார். காடே திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. எல்லைக்கோடு திரைக்குப் பின்னால் போய்விட்டது. செவ்வந்தி முள்காட்டைவிட்டு வெளியே வந்த நேரம் பார்த்துத் திரையில் விளம்பரம் வந்தது. இலைக் காது ஒட்டிக்கொண்டு மான் வேஷம் போட்ட ஒரு பன்றி, மூங்கில் குழாயை அண்ணாந்து குடித்துவிட்டு, “தாகத்துக்கு ஒரே பெயர்” என்று சொன்னது. பிறகு இன்னொரு பன்றி வந்து அதையே சொன்னது.

விளம்பரம் முடிந்ததும் திரையில் வெற்றி மேடை தெரிந்தது. மேடையில் கோப்பையோடு நின்றவன் வராகமூர்த்தியின் மருமகன். அவனுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. இப்போதுதான் தூங்கி எழுந்தவன் மாதிரி இருந்தான்.

செவ்வந்தி நடுவரிடம் ஓடினாள். நடுவர் கோட்டான், அனுபவசாலி. பகலில் கண் தெரியாது.

“ஐயா, கயிறு அறுத்தது நான். பாருங்க, கழுத்துல இன்னும் கிடக்கு.”

“கழுத்துல கயிறு இருந்தா ஜெயிச்சதா அர்த்தமாம்மா? அப்படிப் பார்த்தா கட்டிப்போட்ட ஆடெல்லாம் சாம்பியன்தான்.”

“நீங்க பார்க்கலையா?”

“பகல்ல எனக்குக் கண் தெரியாதுன்னு காட்டுக்கே தெரியும். அதனாலதான் திரையை வெச்சு முடிவு சொல்றோம். திரையில நீ வரவே இல்லை.”

“திரை மட்டும் உங்களுக்குத் தெரியுதா?”

“திரையில என்ன வருதுன்னு பக்கத்துல இருக்கறவர் சொல்வார்” என்றார் கோட்டான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வராகமூர்த்தி கிழங்கு மென்றுகொண்டே வணக்கம் சொன்னார்.

உண்மையில் சாட்சி ஒருவர் இருந்தார். கூட்டத்தின் இரைச்சலுக்குப் பயந்து அழகப்பன் அன்று திரைக்குப் பின்னால் போய் ஒளிந்திருந்தார். செவ்வந்தி கயிறு அறுத்ததைக் காட்டிலேயே கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவர்தான். “அண்ணே, வந்து சொல்லுங்க” என்று செவ்வந்தி கெஞ்சினாள். அவரும் நல்லவர், வந்தார். “சாட்சி பேசலாம்” என்று கோட்டான் தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பில் அழகப்பன் சுருண்டுகொண்டார். எத்தனை தட்டியும் திறக்கவில்லை. ‘சாட்சி மூடப்பட்டுள்ளதால் மனு தள்ளுபடி’ என்று தீர்ப்பு வந்தது.

மறுநாள் மயில் டிவியில் விவாதம். தலைப்பு: ‘தோல்வியை ஏற்க மறுக்கிறாரா செவ்வந்தி?’ அவளையே கூப்பிட்டிருந்தார்கள். உண்மையைச் சொல்ல ஒரு இடம் கிடைத்ததே என்று அவள் முகத்தை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு போனாள். ஒரு பக்கம் வராகமூர்த்தி. இன்னொரு பக்கம் விளையாட்டு விமர்சகர் என்று ஒரு கொக்கு. அது ஒற்றைக்காலில் நின்றபடி ஓட்டப்பந்தய நுணுக்கங்களை வெகுநேரம் விளக்கியது. வராகமூர்த்தி, சின்ன பிராணிகள் மேல் தனக்குள்ள பாசத்தைப் பற்றிப் பேசிக் கண் கலங்கினார். கடைசியில் மயூரநாதன் தோகையை விரித்துச் செவ்வந்தி பக்கம் திரும்பினார்.

“நேரம் குறைவாக இருக்கிறது. ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். ஏன் தோற்றீர்கள்?”

“நான் ஜெயிச்சேன்.”

“இரண்டு வார்த்தை ஆகிவிட்டது. நேயர்களே, விதிகளை மதிக்காதவர் யார் என்பதை உங்கள் முடிவுக்கே விட்டுவிடுகிறேன். வணக்கம்.”

அதற்குப் பிறகு செவ்வந்தியைத் தெரியாத பிராணியே காட்டில் இல்லை என்று ஆகிவிட்டது. போகிற இடமெல்லாம் ‘தோத்துப்போச்சே, அந்த மான்’ என்று காட்டினார்கள். சிலர் திட்டினார்கள். சிலர் பரிதாபப்பட்டார்கள். பரிதாபம்தான் அதிகம் வலித்தது. வீட்டில் மொட்டு, “அம்மா, நீ ஜெயிச்சியா தோத்தியா?” என்று கேட்டாள். செவ்வந்தி அவள் வயிற்றைத் தடவிக் கொடுத்தாள்.

ஒரு நாள் வரிசையில் நிற்கும்போது முன்னால் நின்ற முயல் திரும்பிப் பார்த்து, “நீதானே அது? ஏம்மா தோத்தே? சாப்பாடு சரியில்லையா?” என்று அக்கறையாக விசாரித்தது.

நான் தோற்கவில்லை என்று ஆரம்பத்திலிருந்து சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. “தண்ணி சரியில்லை” என்றாள் அலுப்பாக.

“எந்தத் தண்ணி?”

செவ்வந்தி வாயைத் திறந்தாள். சேறு என்று சொல்லத்தான் திறந்தாள். எதிரே கடையில் மூங்கில் குழாய்கள் வெயிலில் பளபளத்தன. வராகமூர்த்தி ஒரு அணிலிடம் கிழங்குக் கூடையை வாங்கி, ஆட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே செவ்வந்தி சொன்னாள்:

“வராகா தெளிநீர்தான். ஓட்டத்துக்குன்னு தினமும் அதையே குடிச்சேன். காலு கனத்துப்போச்சு.”

முயல் கையிலிருந்த குழாயை மெதுவாகக் கீழே வைத்தது.

உச்சிவேளைக்குள் செய்தி காடு முழுக்கப் போய்விட்டது. அவள் ஜெயித்ததை நம்ப ஆள் இல்லை. தோற்றதற்குக் காரணம் சொன்னால் நம்ப எல்லாரும் தயாராக இருந்தார்கள். கீரிக்கு உடனே கால் கனத்தது. குரங்குக்கு ஒரு கால் மட்டும் கனத்தது. அணில், தன் மாமியார் போன மாசம் மரத்திலிருந்து விழுந்ததும் இதனால்தான் என்று கண்டுபிடித்தது. மயில் டிவி மறுபடி செவ்வந்தியைக் கூப்பிட்டது. இந்தத் தடவை விளம்பர இடைவேளையே விடவில்லை.

“அவசரமே இல்லை. நிதானமாகச் சொல்லுங்கள்” என்றார் மயூரநாதன். “முதலில் எந்தக் கால் கனத்தது?”

இரண்டு நாளில் கடையில் ஈ ஓட்டக்கூட ஆள் இல்லை. கால் கனக்கும் என்று ஈக்களே வரவில்லை. வராகமூர்த்தி தானே நடந்து செவ்வந்தியின் புதருக்கு வந்தார்.

“நீ எங்க தண்ணியை ஒரு வாய்கூட வாங்கினதில்லையேம்மா. இது அநியாயமில்லையா?”

“அநியாயம்தான்யா.”

“உண்மையைச் சொல்லலாமில்ல?”

“சொல்லிப் பார்த்தேன். ரெண்டு வார்த்தை ஆயிடுச்சுன்னுட்டாங்க.”

வராகமூர்த்தி கொஞ்ச நேரம் முகவாயைத் தரையில் தேய்த்தார். “சரி, உனக்கு என்ன வேணும்?”

“எனக்கு ஒண்ணும் வேண்டாம்யா. நான் தோத்தவ. கேக்கறவங்களுக்குத் தோத்த காரணத்தைச் சொல்றேன். அவ்வளவுதான்.”

“ஒருவேளை ஜெயிச்சிருந்தா?”

“ஜெயிச்சிருந்தா ஜெயிச்ச காரணத்தைச் சொல்லியிருப்பேன்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வராகமூர்த்தி எழுந்து போய்விட்டார். போன வேகத்தைப் பார்த்தால் அவரே புதரோட்டம் ஓடியிருக்கலாம்.

மறுநாள் காலை காடே குளக்கரைக்கு அழைக்கப்பட்டது. விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தபோதும் மயில் டிவியின் கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். அந்தப் படம் இத்தனை நாள் எங்கோ கிடந்து, நேற்றுத்தான் தற்செயலாகக் கிடைத்ததாம். திரையில் செவ்வந்தி முள்காட்டைவிட்டு வந்தாள், கயிறு அறுத்தாள், விழுந்தாள். கடமான் ரொம்ப நேரம் கழித்து வந்தது. பன்றியின் மருமகன் வரவே இல்லை.

“எனக்கு அன்றைக்கே மனசில் பட்டது” என்றார் கோட்டான், கண்ணை மூடிக்கொண்டு. மருமகனிடமிருந்து கோப்பையை வாங்கி, பதிலுக்கு ‘வளரும் வீரர்’ என்று ஒரு விருதைக் கொடுத்தார்கள். உண்மையை வெளிக்கொண்டுவந்ததற்காக மயூரநாதன் தனக்குத்தானே வாழ்த்துச் சொல்லிக்கொண்டார். வராகமூர்த்தி ஒலிபெருக்கியைச் செவ்வந்தியிடம் நீட்டினார்.

“வராகா தெளிநீர் குடிச்சேன், ஜெயிச்சேன்” என்றாள் செவ்வந்தி. யாரும் வார்த்தைகளை எண்ணவில்லை.

அடுத்த நாள் விடிந்ததும் அவள் மொட்டுவைக் கூட்டிக்கொண்டு வரிசையின் தலைக்குப் போனாள். யானை வழிவிட்டது. குளம் கண்ணாடி மாதிரி கிடந்தது. மொட்டு இவ்வளவு சுத்தமான தண்ணீரைப் பார்த்ததில்லை. அடியில் தெரிந்த கூழாங்கற்களைக் கண்டு முதலில் பயந்துபோனாள். குடித்து முடித்ததும் செவ்வந்தி திரும்பிப் பார்த்தாள். வெகுதூரத்தில், வால் பக்கத்தில், அழகப்பன் அவளைப் பார்க்கக் கூச்சப்பட்டு மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாட்சி சொல்லாமல் சுருண்டதை நினைத்து அவள் முன்னால் வர அவருக்கு இன்னும் வெட்கம்.

“அண்ணே, இங்க வாங்க” என்று கூப்பிட்டாள்.

“குடும்பத்துக்கு மட்டும்தாம்மா அனுமதி” என்றார் வராகமூர்த்தி பின்னாலிருந்து.

“எங்க அண்ணன்தான்யா.”

“அழுங்கு எப்படி மானுக்கு அண்ணன் ஆகும்?”

“அம்மா வழியில.”

அழகப்பன் நடுங்கிக்கொண்டே வந்து குடித்தார். அவர் பின்னாலேயே முயல் வந்தது. அது அப்பா வழி. கீரி, பெண் எடுத்த வழி. ஆமைக்கு எந்த வழியும் தோன்றாததால், பால்குடி உறவு என்று சொல்லிவிட்டாள். வராகமூர்த்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“ஏன்யா, எனக்கு ரெண்டு நாளா மறுபடி காலு கனக்கிற மாதிரி இருக்கே” என்றாள் செவ்வந்தி.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஒரு வாரத்தில் காட்டின் சின்ன பிராணிகள் எல்லாம் செவ்வந்திக்குச் சொந்தமாகிவிட்டன. உறவு வரிசை குன்றடிவரை நீண்டது. வராகமூர்த்தி இறங்கிக் கலக்கியபோது அவருக்குப் பின்னால் தண்ணீர் வாங்க யாரும் மிச்சமில்லை. ஒரு நாள், வெயில் ஏறியும் தன் முறை வராத யானை, கால் மாற்றிக் கால் மாற்றி நின்று பார்த்தது. பிறகு மெதுவாக நடந்து வந்து, தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு செவ்வந்தியின் முன்னால் குனிந்தது.

“ஏம்மா, யோசிச்சுப் பாரேன். நான் உனக்கு என்ன முறை ஆகணும்?”

செவ்வந்தி அண்ணாந்து பார்த்தாள். நன்றாக யோசித்தாள்.

“சித்தப்பா” என்றாள். “வாங்க. ஆமை மாமாவுக்குப் பின்னாடி நில்லுங்க.”

நீதி: ஜெயித்தேன் என்று சொல்லி நியாயம் கேட்டு அலையாதே. தோற்றேன் என்று ஒப்புக்கொண்டு, பழியை மட்டும் சரியான முதலாளியின் சரக்கின் மேல் போடு. நீ ஜெயித்ததை அவரே தேடி எடுத்து வந்து நிரூபிப்பார்.