சரோஜம் வாசித்த ஆல்பம்

இனிமேல் வாயைத் திறப்பதில்லை, எல்லாவற்றையும் எழுதியே தீர்ப்பது என்று சிவதாணு முடிவு செய்தார். வாயைத் திறந்து அவர் ஜெயித்ததாகப் பாறசாலையில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

யோசனை ஒரு வார இதழிலிருந்து வந்தது. எழுத்து இல்லாத போட்டோ ஊமையாம். குடும்ப ஆல்பத்தில் ஒவ்வொரு படத்தின் கீழும் நடந்ததை உங்கள் கையாலேயே எழுதுங்கள், வருங்காலம் உங்களை வாழ்த்தும் என்று ஒரு பக்கக் கட்டுரை. சிவதாணு கேரள எல்லைக்கு உள்ளே, நெய்யாற்றின்கரையில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. பகலெல்லாம் பிறர் சொன்னதை மலையாளத்தில் எழுதுகிறவர். சொந்தமாக ஒரு வரி எழுதியதில்லை. வருங்காலம் வாழ்த்துவதில் அவருக்கு ஆட்சேபணையும் இல்லை.

தமிழில் எழுதுவது என்று தீர்மானித்தார். அதில் ஒரு சௌகரியம் இருந்தது. அவர் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். மனைவி சரோஜம் ஒற்றசேகரமங்கலத்துக்காரி. பேசுவது தமிழ், வாசிப்பது மலையாளம் மட்டும். அவளுடைய அண்ணன் பொன்னையனும் அப்படியே. பொன்னையனைப் பற்றிக் கல்யாண நாள் முதல் சிவதாணுவின் நெஞ்சில் நிறையச் சேர்ந்து கிடந்தது.

ஆல்பத்தின் பிளாஸ்டிக் தாளைத் தூக்கி, வெள்ளைத் தாளை நறுக்கி ஒட்டி, எழுத ஆரம்பித்தார்.

கல்யாணப் படத்தின் கீழே: ‘இது முதல் பந்தி. இடமிருந்து இரண்டாவது பொன்னையன். அடுத்த படம் இரண்டாம் பந்தி. அதிலும் பொன்னையன்.’

நெய்யாறு அணைக்குப் போனபோது எடுத்த படத்தின் கீழே: ‘பின்னால் இருப்பது அணைக்கட்டு. முன்னால் பொன்னையன் நிற்பதால் தெரியவில்லை.’

புது வீட்டில் பால் காய்ச்சிய படத்தின் கீழே: ‘ஒரு நாள் தங்க வந்தான். பலாச்சக்கை சீசன் முடிந்ததும் போனான். சீசனை முடித்துவைத்தவனும் அவனே.’

எழுதிவிட்டு, தனியாக உட்கார்ந்து சிரித்தார். அப்போதுதான் சரோஜம் வந்து நின்றாள்.

“இஞ்ச கேட்டியளா? அண்ணனுக்க மவ லேகாவுக்கு இஞ்ச காலேஜில சீட்டு கெடச்சிருக்கு. மேக்கு முறியில நிண்ணு படிக்கட்டே.”

“எந்த முறி? ஃபேன் உள்ள முறியா?”

“வேற எந்த முறி உண்டு?”

“நடக்காது. அது எனக்க முறி ஆக்கும்.”

அந்த வீட்டில் இருந்தது ஒரே ஃபேன், அது மேற்கு அறையில். ஆபீஸ் விட்டு வந்து அதன் கீழே மல்லாந்து படுக்கும் நேரம்தான் சிவதாணுவுக்கு வாழ்க்கை. மற்றதெல்லாம் உத்தியோகம், குடும்பம். பொன்னையனின் பிள்ளை எங்கே படித்தாள், என்ன படிக்கப்போகிறாள் என்பதிலெல்லாம் அவருக்கு அக்கறை கிடையாது. தன் வீட்டிலிருந்து படிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

“பஸ் உண்டுல்லா? பஸ்ஸில வரட்டும்.”

சரோஜம் உள்ளே போனாள். ஜெயித்துவிட்டோம் என்று சிவதாணு நினைத்தார். பழக்கமில்லாததால் வந்த தப்பு அது.

ஞாயிற்றுக்கிழமை பொன்னையன் ஒரு சக்கையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் சாயா, பிறகு ஆல்பம். சரோஜம் இரண்டையும் ஒன்றாகவே கொண்டுவந்து வைத்தாள்.

பொன்னையன் பக்கத்தைத் திருப்பினார். “அளியா, இது எந்தாணு? எனக்க காலடியில எறும்பு ஊருன மாதிரி?”

“எழுத்து, மச்சான்.”

“தமிழா? பேசத்தான் அறியும் நமக்கு. ஒண்ணு வாசியும், கேக்கட்டு.”

சிவதாணு சட்டைப்பையைத் தடவினார். “கண்ணாடி… கண்ணாடியைக் காணல்ல.”

கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது.

“நான் வாசிக்கேன் அண்ணா,” என்றாள் சரோஜம்.

“ஒனக்குத் தமிழ் வாசிக்க அறியுமா?”

“இவருக்க கூட இத்தன காலம் கெடந்தாச்சு. இதுகூடப் படிக்காண்டாமா?”

சரோஜம் அணைக்கட்டுப் படத்தில் விரலை வைத்து, ரேடியோவில் செய்தி வாசிக்கும் குரலில் ஆரம்பித்தாள்.

“‘இவர் என் மைத்துனர் பொன்னையன் அவர்கள். இவர் நிற்கும் இடத்தில் எனக்கு மலையும் தெரியாது, அணையும் தெரியாது. அவர் ஒருவரே தெரிவார்.’”

விரல் கடைசி வரியில் தொடங்கி மேலே போய்க்கொண்டிருந்தது. சிவதாணு அதைப் பார்த்தார். பார்த்து என்ன செய்ய?

“அளியா!” என்றார் பொன்னையன். “இதை நேரில ஒரு தடவ சொல்லப்பிடாதா?”

சரோஜம் பால் காய்ச்சிய படத்துக்கு வந்தாள். “‘இந்த வீட்டின் மேற்கு அறையும் அதிலுள்ள ஃபேனும் மருமகள் லேகாவுக்கே உரியவை. அவள் இங்கே தங்கிப் படிக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நான் வராந்தாவில் படுத்துக்கொள்வேன். எனக்குக் கொசு கடிக்காது.’”

“மச்சான், அதில அப்பிடியொண்ணும்…” என்று சிவதாணு பாதி எழுந்தார்.

“இல்லியா?” சரோஜம் ஆல்பத்தை அவர் மடியில் வைத்தாள். “அப்பம் நான் வாசிச்சது தப்பாயிருக்கும். உள்ளதை நீங்களே வாசியுங்க. அண்ணன் கேக்கட்டும்.”

பொன்னையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். துடைத்த கை, சக்கை சுமந்த கை. சிவதாணு அந்தக் கையைப் பார்த்தார், தன் எழுத்தைப் பார்த்தார்.

“அப்பிடியேதான் எழுதியிருக்கு,” என்றார்.

பொன்னையன் அவரை இழுத்து மார்போடு அணைத்தார். சிவதாணுவுக்கு மூச்சு முட்டியது. நாளைக்கே மகளைக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லிவிட்டுப் பொன்னையன் கிளம்பினார். அதிசயமாக அன்று தங்கக்கூட இல்லை.

“ஏட்டி, விரலு கீழேருந்து மேல போச்சே, நீ உள்ளபடி தமிழ் வாசிக்கப் படிச்சியா?” என்று கேட்டார் சிவதாணு.

“யாரு படிச்சா? எனக்கு ஒரு எழுத்து அறியாது.”

“பின்னே அண்ணனைப் பத்தி எழுதினது எப்பிடி அறிஞ்சே?”

“ஒத்தைக்கிருந்து சிரிச்சியல்லா? எங்க அண்ணனைப் பத்தி அல்லாம நீங்க சிரிச்சு நான் கண்டதில்ல.”

போகட்டும் என்று சிவதாணு மனத்தைத் தேற்றிக்கொண்டார். அறை போனது, ஃபேன் போனது. எழுத்து இருக்கிறது. உண்மை ஆல்பத்தில் பத்திரமாக இருக்கிறது. வருங்காலம் ஒரு நாள் வாசிக்கும்.

சரோஜம் பசைப் புட்டியையும் கத்தரிக்கோலையும் வெள்ளைத் தாளையும் அவர் முன்னால் வைத்தாள்.

“இது எதுக்கு?”

“நான் வாசிச்சதை எல்லாம் அப்பிடியே எழுதி மேலே ஒட்டணும்.”

“ஒட்டமாட்டேன். இது எனக்க எழுத்து ஆக்கும்!”

“அப்பம் வேண்டாம். லேகா வந்து வாசிச்சு அப்பனுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். அவ களியக்காவிளையில அம்மைக்க வீட்டில நிண்ணு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில படிச்சவ. இப்பம் சேருறதும் தமிழ் பி.ஏ.வுக்குத்தான்.”

சிவதாணு பேனா மூடியைத் திறந்தார்.

“கொஞ்சம் பைய சொல்லு,” என்றார்.