டேக் மாமாவின் சிவப்பு

பிரம்மாவின் படைப்பிலேயே குறை கண்டு, அதை எழுத்துமூலம் தெரிவிக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் டேக் மாமா.

எண்பதுகளின் கடைசி. ஹைதராபாத்தில் ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் அவர் சீனியர் இன்ஸ்பெக்டர், நான் ஜூனியர். வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதித்து, தேறினால் பச்சை டேக் கட்டுவோம். தேறாவிட்டால் சிவப்பு. அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். மாமாவின் பச்சை டேக் கட்டைக் கரையான் தின்றுவிட்டதாகப் பேச்சு.

சிவப்பு மட்டும் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். கேண்டீன் சாம்பார் வாளியில் கட்டினார். காரணம்: 'பருப்பு காணவில்லை.' மாரெட்பள்ளியில் அவர் மகளைப் பெண் பார்க்க வந்த பையனின் செருப்பையும் விடவில்லை. 'ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. காலைப் பரிசோதிக்கவும்.' நல்ல பையன், புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு வந்து தாலி கட்டினான்.

அப்போது நாட்டில் டாலருக்குப் பஞ்சம். வெளிநாட்டுச் சரக்கை நிறுத்து, உள்ளூரில் வாங்கு என்று உத்தரவு. உள்ளூர் என்றால் நாச்சாரத்தில் ஒரு மந்திரியின் மச்சான் போட்டிருந்த ஷெட் என்பது பிறகுதான் புரிந்தது. நாங்கள் செய்த ஆஸ்பத்திரி மெஷின்களுக்கான டிரான்ஸ்ஃபார்மர்கள் அங்கிருந்து பெட்டி பெட்டியாக வந்தன. கரண்ட் கொடுத்துப் பத்தாவது நிமிஷம் புகைந்தன.

மாமா சிவப்பை எடுத்தார். ஸ்டோர் அட்டெண்டர் கையைப் பிடித்தார்.

"நக்கோ மாமா, வேணாம். மந்திரி வீட்டு மால்."

"மந்திரி வீட்டுதுன்னா புகை வராதா?"

மூன்று முறை வந்த சரக்கு மூன்று முறை திரும்பியது. நான்காவது முறை சரக்கு உள்ளேயே நின்றது, மாமாதான் போனார். கெஸ்ட் ஹவுஸில் தலையணை உறை எண்ணும் வேலை.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"க்வார்ட்டர்ஸ் லிஸ்ட்ல உன் பேர் இருக்கில்ல?"

"இருக்கு சார்."

"இருக்கட்டும். அந்த லாட்டை இன்னிக்கே முடிச்சிடு."

முடித்தேன். ஒரு பெட்டியைக்கூடத் திறக்காமல் எல்லாவற்றிலும் பச்சை கட்டினேன். க்வார்ட்டர்ஸ் கிடைத்தது. அந்த டிரான்ஸ்ஃபார்மர்கள் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் புகைந்தனவோ, நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தைரியமில்லை என்பதுதான் உண்மை.

பச்சை கட்டிய அன்று சாயங்காலமே என் ஸ்கூட்டர் ஹேண்டிலில் ஒரு சிவப்பு டேக் ஆடிக்கொண்டிருந்தது. செய்தி அதற்குள் கெஸ்ட் ஹவுஸுக்கு எட்டிவிட்டது. நாலு பேர் பார்ப்பதற்குள் அவிழ்த்துவிட வேண்டுமென்று அவசரமாகப் பிடுங்கினேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் படித்தேன்.

'பின் பிரேக் பிடிக்கவில்லை. குழந்தையை முன்னால் நிறுத்தி ஓட்டுகிறான். உடனே கவனிக்கவும்.'

அதற்குக் கீழே, அந்தப் பெட்டிகளைப் பற்றி எழுத, இன்னும் இரண்டு வரி இடம் இருந்தது. மாமா எனக்காக அதைக் காலியாக விட்டிருந்தார்.