புகைபோக்கிச் சுவரை மூச்சடைத்துக் கொன்றவனுக்கு

17, மில்பேங்க் தெரு,
ஹாலிஃபாக்ஸ்.
செவ்வாய்க்கிழமை

அன்பு மைத்துனன் லயனலுக்கு,

நானும் உன் அக்கா வினிஃப்ரெடும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். இருந்தால்தான் நான் திட்டுவதை முழுதாக வாங்கிக்கொள்ள முடியும்.

முன்னறைக் கணப்பு அடுப்பு இனி வேண்டாம் என்று நாங்கள் சொன்னதும், "ஆள் எதுக்கு அத்தான், நான் இல்லையா?" என்று வந்து அதன் வாயைப் பலகையால் அடைத்துச் சாந்து பூசிவிட்டுப் போனாயே, அந்தப் புகைபோக்கிச் சுவர் இப்போது ஓதம் ஏறி ஒழுகுகிறது. முதலில் கோப்பை அளவுக்கு ஒரு பழுப்புக் கறை. வெள்ளையடித்தேன். நாலாம் நாள் தட்டு அளவுக்கு வந்து நின்றது. மறுபடி அடித்தேன், அதற்குக் கண்ணும் மூக்கும் முளைத்தன. பக்கத்து வீட்டு மிஸஸ் ஆக்ராய்ட், "அச்சு அசல் நம்ம பாதிரியார்!" என்று தினமும் ஆள் கூட்டி வந்து காட்டுகிறாள், வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் போடுவது நான். அங்கே மாட்டியிருந்த உன் அம்மா படத்தில் பூசணம் பிடித்து மீசை முளைத்துவிட்டது. துடைத்தேன். மீசை போகவில்லை, மூக்கு போய்விட்டது. வினிஃப்ரெட் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஓதம் பார்க்கிற ஒருவன் வந்து ஏதோ ஊசிக் கருவியைச் சுவரில் குத்தினான். அது கீச்சென்று கத்தியது. "தரையிலேர்ந்து ஏறுது சார், தரையை உடைக்கணும்" என்றான். "என் தலைக்கு மேல இருக்கிற கறை தரையிலேர்ந்து எப்படிய்யா வரும்? ஏணி வெச்சா?" என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டான். அடுத்து வந்த கூரைக்காரர் பார்னபி என் தக்காளிச் செடியின் மேல் ஏணியை ஊன்றி ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "மேல எல்லாம் கச்சிதமா இருக்கு. கீழதான் காத்து போக வழியே இல்ல. உள்ள ஈரம் நின்னு, பழைய கரியெல்லாம் ஊறி வெளிய வருது. அடைச்சவன் ஒரு ஓட்டை விட வேணாமா? யாரு அந்த மடையன்?" என்றார். "என் மச்சினன்" என்று சொல்வதற்குள் என் மானமே போய்விட்டது, லயனல்!

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வினிஃப்ரெடின் அறுபதாவது பிறந்தநாள் விருந்துக்கு நீ வர வேண்டாம். உன் பங்கு இறைச்சியையும் நானே சாப்பிட்டுக்கொள்கிறேன். கடவுள் உன் வீட்டுச் சுவர்களைக் காப்பாற்றட்டும். நீ கை வைக்காமல் இருந்தால் அவருக்கு வேலை சுலபம்.

ஆறாத கோபத்துடன்,
உன் அத்தான்
சிரில்

பின்குறிப்பு: பிழை பார்க்க இதை வினிஃப்ரெடிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "ஏங்க, அவன் கீழ ஒரு இரும்புச் சல்லடை வெச்சானே, அது எங்க?" என்றாள். போன குளிர்காலத்தில் அதன் வழியே காற்று வந்து கால் சில்லிடுகிறதென்று அதன்மேல் தடித்த காகிதம் ஒட்டி வெள்ளையடித்தது நான்தான். கிழித்தோம். சுவர் ஒரு பெருமூச்சு விட்டது. கரி முழுக்க என் முகத்தில். கடிதத்தையும் கிழிக்கப் போனேன், அவள் பிடுங்கிக்கொண்டாள். "அப்படியே அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை அவன் எல்லார் முன்னாலயும் இதைச் சத்தமா வாசிக்கட்டும். எனக்கு வேற பரிசே வேணாம்" என்கிறாள். பன்னிரண்டு மணிக்கு வந்துவிடு. தொண்டை கட்டியிருந்தால் நல்லது.