சிகரெட் பெட்டிக்குள் ஆர்ஃபா

ரிச்மண்ட்,
அக்டோபர் 1888

மதிப்பிற்குரிய மைத்துனர் ஜெத்ரோ அவர்களுக்கு,

உங்கள் தங்கை ஆர்ஃபாவின் கணவன் லெமுவேல் பணிவுடன் எழுதுவது. இங்கு யாவரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வருவதாக இருப்பதைத் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். தேவாலய நிதிக்காக ஆர்ஃபா எகிப்து ராணி வேஷம் கட்டினாளல்லவா, அப்போது படம் எடுத்த பாவி அதை ஒரு சிகரெட் கம்பெனிக்கு விற்றுத் தொலைத்துவிட்டான். பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே நடிகை படம் போட்ட அட்டை வைக்கிறார்களே, அதில் இப்போது என் மனைவியும் ஒருத்தி! முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, கூந்தலுக்கு மஞ்சளும் உதட்டுக்குச் சிவப்பும் பூசி, கீழே 'பாரிஸ் மேடைத் தாரகை ஃபிஃபின்' என்று அச்சடித்திருக்கிறார்கள். முடிதிருத்தும் கடையில் ஒருவன், "ரெண்டு சர்க்கஸ்காரி தர்றேன், அந்த ஃபிஃபினைக் குடுப்பா" என்று இன்னொருவனிடம் கெஞ்சுகிறான். அன்றிலிருந்து ஊரில் கிடைக்கிற பெட்டியையெல்லாம் நானே வாங்கிப் பிரிக்கிறேன். புகையிலை ஒழிப்புச் சங்கத்தின் செயலாளர் நான்! பாதிரியார் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.

நேற்று என் கோட்டை உதறிய ஆர்ஃபா கையில் அந்த அட்டைகள் அத்தனையும் மாட்டிக்கொண்டன. தன் முகம்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"யாருங்க இந்தச் சிறுக்கி? ஒரே மூஞ்சியைக் கட்டுக் கட்டா வச்சிருக்கீங்க, வெக்கமா இல்ல? மூக்கைப் பாருங்க, கத்திரிக்கா மாதிரி! இவகிட்ட என்னத்தைக் கண்டீங்க?"

பயத்தில் வாய் என்ன பேசுகிறதென்றே எனக்குப் புரியவில்லை. "ஆமாடி, சகிக்கல. உன் கால்தூசிக்கு வருவாளா?" என்று சொல்லிவைத்தேன். அப்புறம்தான் அடங்கினாள்.

உண்மை தெரிந்தால் அவமானம் தாங்காமல் என்னை விட்டு உங்கள் வீட்டுக்கே வந்துவிடுவாள். அவள் இல்லாமல் எனக்கு ஒரு வாய் காப்பிகூட இறங்காது, மச்சான். நீங்கள் அவளைத் தூக்கி வளர்த்தவர், அட்டையைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால் வரவே வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளைக் கர்த்தர் கண்ணின் மணிபோல் காக்கட்டும்.

இப்படிக்கு,
பயந்து கிடக்கும்
லெமுவேல்

பி.கு.: நான் தபால்தலை தேடப் போன நேரத்தில் ஆர்ஃபா இதைப் படித்துவிட்டாள். அவமானமெல்லாம் படவில்லை. அட்டைகளை அள்ளிக்கொண்டுபோய் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்து, "பாரிஸ்காரின்னே நெனச்சிட்டாங்கடி!" என்று பூரித்துவிட்டு வந்தாள். வந்தவள் கதவைத் தாழிட்டுக்கொண்டு கேட்கிறாள்: "நான் ஆயிரம் சொல்லுவேன். நீங்க எப்படி சகிக்கலைன்னு சொல்லலாம்?" மச்சான், ஞாயிறு வரைக்கும் தாங்காது. இன்றைக்கே வாருங்கள்.