மின்விசிறிக்குக் கீழே ஒரு மதிப்பீடு

பிள்ளைகளே, யாராவது என்னிடம் அபிப்பிராயம் கேட்டால் உங்கள் அம்மா உடனே, "ஃபேன் எங்க இரிக்கெண்டு பார்த்துட்டுச் சொல்லுங்க" என்பார். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரிந்து சிரிப்பது நல்லது. அதனால் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முன்பு, பாசிக்குடா ஹோட்டலொன்றில் அறை வேலைக்காக நாவற்குடாவில் ஒரு மண்டபத்தில் பயிற்சி எடுத்தேன். பயிற்சி முடிந்தால் திங்கட்கிழமையே வேலை. வேலை கிடைத்தால் கல்யாணம் என்று உங்கள் அம்மா வீட்டில் சொல்லியிருந்தார்கள். (பிழை சொல்ல முடியாது. என்னை நானும் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.)

மண்டபத்தில் கட்டில் இல்லை. மேசைப்பந்து மேசையில் வலையைக் கழற்றிவிட்டு, அதில்தான் விரிப்பு விரித்துப் பழகினோம். பயிற்சி தந்த சேர் நல்ல மனிதர். "கட்டில் வருது" என்று கடைசி நாள் வரை நம்பினார்.

அந்தக் கடைசி நாளில் கொழும்பிலிருந்து ஒரு மிஸ் பயிற்சியை மதிப்பிட வந்தார். எங்களை வேலைக்கு எடுக்கவிருந்த மேற்பார்வையாளர், ஓட்டமாவடி பளீல் நானாவும் கருத்துச் சொல்ல வந்திருந்தார். நான்கு மூலைகளில் நான்கு மட்டைகள்: மிக நன்று, நன்று, பரவாயில்லை, பயனில்லை.

"மனசுக்குப் பட்ட மூலையில போய் நில்லுங்க" என்றார் மிஸ்.

சாப்பாடு போட்ட இடத்தில் குறை சொல்வது எங்கள் ஊர் வழக்கமில்லை. மத்தியானம் இறால் கறி வேறு. எல்லாரும் 'மிக நன்று' மூலைக்கு ஓடினார்கள். பளீல் நானாவும் போனார், சேரும் போனார். எனக்கு இடமில்லை. நீளக்கைச் சட்டையும் டையுமாக வேர்த்து ஊற்றியது. மண்டபத்தில் சுழன்ற ஒரே சுவர் விசிறிக்குக் கீழே போய் நின்றேன். தலைக்கு மேலே 'பயனில்லை'. நான் மட்டையைப் பார்க்கவில்லை.

மிஸ் கண்கலங்கிவிட்டார். "ஒராளாவது உண்மையா நிக்கிறார். சொல்லுங்க தம்பி, ஏன் பயனில்லை?"

காற்றுக்காக என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதுவரை சபையில் யாரும் என்னைப் புகழ்ந்ததில்லை. ருசி பிடித்துவிட்டது.

"கட்டிலையே நாங்க காணல்ல, மிஸ். மேசைக்குத்தான் படுக்கை விரிச்ச."

பளீல் நானா மெதுவாக என் மூலைக்கு நடந்து வந்தார்.

"பொடியன் சொல்றது சரி, மிஸ். போனமுறை இங்க படிச்சு வந்தவன் விரிப்ப இறுக்கின இறுக்கில வெள்ளைக்காரனுக்குக் கால் நுழைக்க ஏலாமப் போச்சு. மனிசன் விடியுமட்டும் போர்வைக்கு மேலதான் படுத்த."

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். (கருத்துக்கா, காற்றுக்கா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.) கடைசியில் 'மிக நன்று' மூலையில் சேர் மட்டும் நின்றார்.

மிஸ் சந்தோஷமாக முடிவு சொன்னார். மெத்தையோடு நிஜக் கட்டில் வரும். பயிற்சி இன்னும் இரண்டு மாதம். அதுவரை சான்றிதழ் இல்லை. அதாவது, வேலை இல்லை.

பக்கத்தில் நின்ற, என்னோடு பயிற்சி எடுத்த ரவி காதுக்குள் சொன்னான்: "வேர்த்தா டையக் கழட்டுறதுதானேடா, மடையா!"

வெளியே போய் உங்கள் அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"வேலை சரியா?"

"பயிற்சியப் பத்தி உண்மையச் சொல்லிட்டன். ரெண்டு மாசம் பிந்தும்."

"உண்மை சொல்ல உங்களுக்கு வேற நாள் கிடைக்கல்லியா?"

விசிறி விடயத்தையும் சொன்னேன். சிரிக்கத் தொடங்கினார். நிறுத்தவே இல்லை. கல்யாணம் நடக்கும் என்று அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

திரும்பி வந்தபோது மண்டபத்தில் யாருமில்லை. சேரும் போய்விட்டார். நான் சேர் தனியே நின்ற 'மிக நன்று' மூலைக்குப் போய், டையைச் சரிசெய்துகொண்டு, கொஞ்ச நேரம் நின்றேன்.